சூடு எங்கே போகிறது? குளிர் நாட்டு வீடுகளின் ஐம்பது வருடக் கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வெளிநாட்டில் உறவுகள் இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன டிசம்பர் லீவில் ராத்தா இங்கிலாந்திலிருந்து கோல் எடுத்தா. லெஸ்டர் நகரத்தில் வாடகை வீடு. மூன்று பிள்ளைகள். கடைசி மகனுக்கு இழுப்பு.

"தம்பி, கேஸ் பில் கட்டி முடியல்ல. மச்சான்ட சம்பளத்துல பாதி அதுக்கே போகுது. எந்த ஹீட்டர் வாங்கினா செலவு குறையும் என்டு கொஞ்சம் தேடிப் பார்த்துச் சொல்லு."

நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஹீட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என்றாலும் ராத்தா கேட்டால் தேடாமல் இருக்க முடியாது. இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன். ஹீட்டர் பட்டியல் தேடப் போன எனக்குக் கிடைத்தது ஒரு நல்ல வரலாறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிளாஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் ஸஹருக்குத் தேநீர் சூடாக இருக்க வேண்டும் என்றால் நமக்கு இரண்டு வழி உண்டு. கேத்தலை இரவு முழுக்க அடுப்பிலேயே வைத்திருக்கலாம். அல்லது ஒரு தடவை கொதிக்க வைத்து பிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிடலாம். முதல் வழியில் கேஸ் முடியும் வரை எரிக்க வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு சதமும் செலவில்லை. பிளாஸ்க் எதையும் சூடாக்குவதில்லை. இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குத்தான் விஞ்ஞானப் பாடத்தில் வெப்பக் காவலி என்று பெயர். அசையாமல் நிற்கிற காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். கம்பளி, வைக்கோல், மரத்தூள், கண்ணாடி நார், நுரைப் பலகை எல்லாம் செய்கிற வேலை ஒன்றே: காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிடித்து அசைய விடாமல் வைப்பது. மொங்கோலிய மேய்ப்பர்கள் தங்கள் வட்டக் கூடாரத்தை ஆட்டுக் கம்பளியால் செய்த தடித்த விரிப்பால் சுற்றி மூடுவது இதற்குத்தான். மனிதனுக்கு இது பழைய அறிவு.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பணக்கார நாடுகள் இந்தப் பழைய அறிவைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. காரணம், எண்ணெய் மலிவு. சுவர் மெல்லியதாக இருந்தால் என்ன, கதவிடுக்கில் காற்று வந்தால் என்ன, கொதிகலனைக் கூட்டிவிட்டால் சரி. வீட்டுக்கு வெளியே இருக்கிற முழு ஊரையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டு இருந்தார்கள்.

அதற்கு முதல் அடி 1973 ஒக்டோபரில் விழுந்தது. அரபு - இஸ்ரேல் யுத்தத்தின்போது அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கும் அதன் சில நட்பு நாடுகளுக்கும் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. ஒரு பீப்பாய் ஏறக்குறைய 3 டொலராக இருந்த விலை, சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. இங்கே நம் வாப்பாமார் பாணுக்கு வரிசையில் நின்ற கதை சொல்வார்களே, அந்தக் காலம்தான். உலகமே ஆடிப்போன நேரம்.

டென்மார்க் அப்போது தன் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கை எண்ணெயை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தது. 1973 நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். பெருந்தெருக்களில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். அமெரிக்காவில் 1977 பெப்ரவரியில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு தொலைக்காட்சியில் தோன்றினார். வீட்டு வெப்பநிலையைப் பகலில் 65 பாகை பரனைட்டுக்கு, அதாவது நம் கணக்கில் சுமார் 18 பாகை செல்சியசுக்கு, குறைத்து வையுங்கள் என்று மக்களைக் கேட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனால் மக்கள் காதில் விழுந்தது ஒன்றுதான்: இனிக் குளிரில் இருக்கப் பழகுங்கள்.

அதே 1977இல், கனடாவின் ஒரு மூலையில், வேறொரு பதில் கட்டி முடிக்கப்பட்டது.

சஸ்காச்சுவான் என்பது கனடாவின் நடுப்பகுதியில் இருக்கிற சமவெளி மாகாணம். அதன் தலைநகர் ரெஜைனா. குளிர் காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்குகிற ஊர். மாகாண அரசாங்கம் சில ஆராய்ச்சியாளர்களைக் கூப்பிட்டு, நம் ஊருக்குப் பொருத்தமான ஒரு சூரிய வீட்டைக் கட்டிக் காட்டுங்கள் என்று கேட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஹரல்ட் ஓர் என்ற பொறியியலாளர்.

அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரெஜைனாவில் குளிர் கூடிய மாதங்களில்தான் வெயில் குறைவு. பகல் நேரமும் கொஞ்சம். தேவையான சூட்டை முழுக்கச் சூரியனிடம் எடுக்க வேண்டும் என்றால் பெரிய தகடுகளும் பெரிய தண்ணீர்த் தாங்கியும் வேண்டும். கணக்கு உதைத்தது. அப்போது அவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். இந்த வீட்டுக்கு எவ்வளவு சூடு கொடுக்கலாம் என்பதை விட்டு, கொடுத்த சூடு எங்கே போகிறது என்று பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே வழமையான மரச்சட்ட வீட்டின் சுவருக்குள் காவலி அடைக்க இருந்த இடம் சுமார் 9 சென்ரிமீற்றர். இவர்கள் இரட்டைச் சட்டம் வைத்துச் சுவரை 30 சென்ரிமீற்றர் தடிப்பாக்கினார்கள். கூரைக்கு அதைவிடக் கூடுதலாக அடைத்தார்கள். சுவரின் உட்பக்கம் முழுவதும் பொலித்தீன் விரிப்பை ஓட்டை இல்லாமல் ஒட்டினார்கள். பெரிய ஜன்னல்களைத் தெற்குப் பக்கம் வைத்தார்கள். பூமியின் வட பாதியில் குளிர்கால வெயில் வருவது அந்தப் பக்கத்தால்தான்.

இங்கே வகுப்பில் ஒரு பிள்ளை கையை உயர்த்தும்: "சேர், அப்படிப் பூட்டி வைத்தால் உள்ளே இருக்கிற ஆட்களுக்கு மூச்சு முட்டாதா?" நல்ல கேள்வி. முட்டும். மனிதர் விடுகிற மூச்சிலும், சமையலிலும், குளியலிலும் வருகிற ஈரம் சுவரில் படிந்து பூஞ்சணமும் பிடிக்கும். அதற்கும் அந்தக் குழு வழி செய்தது. வெளியே போகிற சூடான பழைய காற்றும் உள்ளே வருகிற குளிர்ந்த புதிய காற்றும், நடுவில் மெல்லிய தகடு இருக்க, பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இரண்டு காற்றும் கலக்காது. சூடு மட்டும் கை மாறும். ஈரமும் துர்நாற்றமும் வெளியே போய்விடும். கொடுத்த சூட்டில் பெரும்பகுதி வீட்டுக்கே திரும்பி வரும்.

அந்த வீட்டில் வழமையான பெரிய உலை கிடையாது. சமையல் சூடு, மின்குமிழ்ச் சூடு, ஆட்களின் உடல் சூடு, ஜன்னலால் வருகிற வெயில், இவற்றோடு மிகச் சிறிய உதவி போதுமாக இருந்தது. அரசாங்கம் கேட்டதற்காகச் சூரியத் தகடுகளையும் பொருத்தியிருந்தார்கள். அவை விலையும் கூட, தொந்தரவும் கூட. பிற்காலத்தில் கழற்றப்பட்டுவிட்டன. சுவர் மட்டும் இன்றும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. காவலிக்கு மோட்டார் இல்லை, உடைய ஒன்றும் இல்லை, மாதம் மாதம் கட்ட பில்லும் இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவின் நியூஜேர்சியில் இன்னொரு விசயம் வெளியே வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் டுவின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் ஒரே மாதிரி கட்டிய வீடுகளை அளந்து பார்த்தார்கள். சீலிங்குக்கு மேல் காவலி போட்டிருந்தும், புத்தகக் கணக்கைவிடப் பல மடங்கு சூடு மேலே போய்க்கொண்டிருந்தது. கௌதம் தத் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் காரணத்தைத் தேடினார்கள். சுவர்களுக்குள் யாருக்கும் தெரியாத இடைவெளிகள் இருந்தன. குழாய் போகிற ஓட்டை, புகைபோக்கியைச் சுற்றிய இடுக்கு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் பொள்ளல். சூடான காற்று இவற்றின் வழியாக நேரே கூரைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மேலே எவ்வளவு தடிப்பான போர்வை போட்டாலும் கீழே ஓட்டை இருந்தால் பிரயோசனம் இல்லை.

ஆக 1970களின் கடைசியிலேயே பாடம் முழுமையாகத் தெரிந்துவிட்டது. ஓட்டையை அடை. தடிப்பாகப் போர்த்து. புதிய காற்றுக்கு ஒழுங்கான வழி வை. கடைசியாகத்தான் ஹீட்டரைப் பற்றி யோசி.

பிறகு என்ன நடந்தது? மறந்துவிட்டார்கள்.

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. ரெஜைனா வீட்டைப் பார்க்க வந்த கூட்டமும் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. அந்த அனுபவத்தை வைத்துக் கனடாவில் நல்ல வீட்டுத் தரம் ஒன்றை உருவாக்கினார்கள்தான். ஆனாலும் பெரும்பாலான வீடுகள் பழைய மாதிரியே எழும்பின. மலிவாகக் கிடைக்கிற எதற்கும் மனிதன் மரியாதை கொடுப்பதில்லை. ஓடுகிற ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று சின்ன வயதில் மத்ரஸாவில் சொல்லித் தந்தார்கள். அதன் அருமை இந்த வரலாற்றை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நிறைய இருக்கிற நேரத்தில் சிக்கனமாக இருப்பதுதான் கஷ்டமான பாடம்.

மறந்ததை எடுத்துத் தூசி தட்டியவர்கள் ஐரோப்பியர். 1988இல் ஜேர்மனியைச் சேர்ந்த பௌதிகவியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ அடம்சனும் சேர்ந்து பேசி, இதை ஒரு தெளிவான தரமாக்கத் தொடங்கினார்கள். 1991இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் நகரத்தில் வரிசையாக நான்கு வீடுகளுக்கு ஆட்கள் குடிவந்தார்கள். அதில் ஒன்றில் ஃபைஸ்டின் குடும்பமே குடியிருந்தது. தான் சொல்வதைத் தன் பிள்ளைகளோடு வாழ்ந்து காட்டிய மனிதர்.

அவர்கள் வைத்த அளவுகோல் இது: ஒரு சதுர மீற்றர் தளத்தைச் சூடாக்க வருடம் முழுவதற்கும் 15 கிலோவாற்று மணிக்கு மேல் போகக் கூடாது. நம் மின்பட்டியலில் ஓர் அலகு என்று வருகிறதே, அதுதான் ஒரு கிலோவாற்று மணி. அப்படியானால் 100 சதுர மீற்றர் வீட்டுக்கு வருடத்துக்கு 1500 அலகு. பழைய ஜேர்மன் வீடுகளுக்கு இதைப் போலப் பத்து மடங்கு, அதற்கு மேலும் தேவைப்பட்டது. இதைத்தான் இன்று உலகம் பாசிவ் ஹவுஸ் என்கிறது. 2015இல் அந்த அமைப்பு ரெஜைனா வீட்டை நினைவுகூர்ந்து, ஹரல்ட் ஓருக்கு முன்னோடி விருது கொடுத்தது. வீடு கட்டி 38 வருடங்களுக்குப் பிறகு.

இந்தக் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறாகாது. 2009இல் அவுஸ்திரேலிய அரசாங்கம், உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை வாய்ப்பைக் கூட்டவும் சேர்த்து, வீட்டுக் கூரைகளுக்குக் காவலி போடும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில மாதங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போட்டார்கள். அவ்வளவு வேகம். பயிற்சி இல்லாத இளைஞர்கள் கூரைக்குள் ஏற்றப்பட்டார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி. ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தில். 2010 பெப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. காவலி நல்லதுதான். ஆனால் கூரைக்குள் மின்கம்பி ஓடுகிறது என்பதைத் தெரியாதவனை அங்கே அனுப்பக் கூடாது. நல்ல நோக்கம் பயிற்சிக்குப் பதிலாகாது. ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும்.

இப்போது என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். அது நியூசிலாந்து.

அங்கே புது வீடுகளுக்குக் காவலி கட்டாயம் என்று சட்டம் வந்தது 1978இல். அதற்கு முன் கட்டிய மர வீடுகள் ஏராளம். குளிரும் ஈரமும் நிறைந்தவை. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பங்கள். பேராசிரியை பிலிப்பா ஹவ்டன் சப்மன் தலைமையில் ஒரு குழு, வருமானம் குறைந்த ஏழு சமூகங்களில் 1350 வீடுகளைத் தெரிவுசெய்தது. ஒவ்வொரு வீட்டிலும் நெஞ்சு, சுவாச நோயுள்ள ஒருவராவது இருந்தார். பாதி வீடுகளுக்கு உடனே காவலி போட்டார்கள். மற்றப் பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு போட்டார்கள். இரண்டு தொகுதியையும் ஒப்பிட்டு முடிவை 2007இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

எரிசக்திப் பாவனை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நல்லது. படுக்கையறை வெப்பநிலை கூடியது அரைப் பாகைதான். இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும். ஆனால் வீட்டின் ஈரம் குறைந்தது. மூச்சு இழுப்பு குறைந்தது. தங்கள் சுகம் மோசம் என்று சொன்னவர்கள் குறைந்தார்கள். பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியானது.

அந்த வரியை வாசித்தபோது என் வரவு இடாப்பு ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே வராத நாட்கள் நிறையும்போது நாம் என்ன நினைக்கிறோம்? பிள்ளைக்கு ஆர்வமில்லை, தாய் தகப்பனுக்கு அக்கறையில்லை என்று. அந்தப் பிள்ளை இரவு எந்த வீட்டில், எந்தச் சுவருக்குள் படுத்தது என்று நாம் கேட்டதில்லை. நியூசிலாந்தில் யாரோ கேட்டார்கள். பதில் சுவருக்குள் இருந்தது.

அந்த ஆய்வும் சேர்ந்துதான் 2009இல் அங்கே அரசாங்கம் பழைய வீடுகளுக்குக் காவலி போட மானியம் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அந்தத் திட்டத்தை மதிப்பீடு செய்தவர்கள், போட்ட ஒவ்வொரு டொலருக்கும் ஏறக்குறைய நான்கு டொலர் நன்மை என்று கண்டார்கள். அதில் பெரும்பகுதி வந்தது பில்லில் இருந்தல்ல, ஆரோக்கியத்தில் இருந்து. உலக சுகாதார நிறுவனமும் 2018இல், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஆனால் வாடகை வீடு என்று வரும்போது எல்லா நாட்டிலும் ஒரே முடிச்சு. காவலிக்குச் செலவழிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். பில் கட்டுகிறவர் வாடகைக்கு இருப்பவர். செலவு ஒருவருக்கு, இலாபம் மற்றவருக்கு. அப்படியிருக்க யார் முன்வருவார்? அதனால்தான் கடைசியில் சட்டம் தேவைப்பட்டது. நியூசிலாந்தில் 2019 ஜூலை முதலாம் திகதி முதல், போடக்கூடிய எல்லா வாடகை வீடுகளிலும் சீலிங்குக்கு மேலேயும் தரைக்குக் கீழேயும் காவலி இருக்க வேண்டும். இங்கிலாந்தில் வீடுகளுக்கு ஏ முதல் ஜீ வரை சக்தித் தரம் உண்டு. 2020 ஏப்ரல் முதல், சில விதிவிலக்குகள் தவிர, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விட முடியாது.

இவ்வளவையும் வாசித்த பிறகு ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன்.

"ராத்தா, ஹீட்டர் வாங்க வேணாம். முதல்ல மச்சானைச் சீலிங் மூடியைத் திறந்து மேல லைட் அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மேல கால் வைக்க வேணாம், கம்பியைத் தொடவும் வேணாம். பார்த்தா மட்டும் போதும்."

அடுத்த நாள் படம் அனுப்பினா. பழைய மஞ்சள் பஞ்சு, ஒரு விரல் தடிப்பும் இல்லை. சில இடத்தில் அதுவும் இல்லை, வெறும் பலகை. அங்கே இப்போது பரிந்துரைக்கிற அளவு 270 மில்லிமீற்றர். மேலே ஒன்றுமே இல்லாத வீட்டில் சூட்டில் கால்வாசி கூரையாலேயே போய்விடும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் மூன்றும் படுப்பது அந்தப் பலகைக்குக் கீழேதான்.

வாடகைக்கு இருப்பவர் செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள். முன்கதவின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினார்கள். ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. அதைப் பகலில் வெயில் வரும்போது திறந்து, அஸருக்குப் பிறகு மூடுவது. உடுப்பை அறைக்குள் காயப் போடாமல் விட்டு, குளியலறைக் காற்றாடியைப் போட்டு ஈரத்தை வெளியேற்றுவது. ஜன்னல் மேலே வைத்திருக்கிற காற்று வழிகளை ஒருபோதும் அடைக்க வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். கேஸ் எரிகிற வீட்டில் அது உயிர் விசயம்.

வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதமும் எழுதினோம். படத்தோடு. வீட்டின் சக்தித் தரச் சான்றிதழையும் கேட்டு. "கோடையில் பார்ப்போம்" என்று பதில் வந்திருக்கிறது. நாங்களும் விடப்போவதில்லை. கோடை வந்ததும் அடுத்த கடிதம் போகும், இன்ஷா அல்லாஹ். போன வாரமும் மருமகன் இரண்டு நாள் பாடசாலைக்குப் போகவில்லையாம். அங்கேயும் ஒரு ஆசிரியர் தன் இடாப்பில் குறித்திருப்பார்.

உங்கள் உறவுகள் யாராவது குளிர் நாட்டில் வாடகை வீட்டில் இருந்தால், ஹீட்டர் பற்றிக் கேட்கும்போது இந்த ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "உங்கட சீலிங்குக்கு மேல என்ன இருக்கு?" முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. என் ராத்தாவுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அங்கே இருந்து இதை வாசிப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் பேசி வென்றவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ராத்தாவுக்குக் காட்ட வேண்டும்.